சக்கரத்துக்குள் மரியாசெல் யாத்திரை

வெண்டெலின் கிராம்ல் இருபத்தேழு வருஷம் நடந்தான். ஓரிடத்துக்கும் போய்ச் சேரவில்லை. குன்றின் மேலிருந்த புனித ஓட்மார் மடத்தில் கிணற்றுச் சக்கரம் மிதிப்பது அவன் வேலை. அந்த மடத்தைக் கட்டியவர்கள் வானத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று நினைத்தார்களே தவிர, தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. கிணறு நாற்பத்தைந்து ஆள் ஆழம். அதற்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு மரச்சக்கரம். அதற்குள் ஒரு மனிதன் ஏறி நின்று நடந்தால் சக்கரம் சுற்றும், கயிறு சுற்றும், வாளி மேலே வரும். கயிற்றின் இரண்டு முனையிலும் இரண்டு வாளி. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். ஏறியதைக் கவிழ்த்த பிறகு, மிதிப்பவன் திரும்பி நின்று எதிர்ப்பக்கமாக நடக்க வேண்டும். ஒரு வாளிக்கு ஆயிரம் காலடி. ஒரு நாளைக்கு இருபது வாளி, திருநாள் என்றால் முப்பது.

அவன் இருபத்திரண்டு வயதில் இந்த வேலைக்கு வந்தபோது பழைய மடம் தீயில் போய், புதியது எழும்பிக்கொண்டிருந்தது. அப்போதைய மடாதிபதிக்குக் கனவு பெரிது. நான்கு முற்றம், இரண்டு கோபுரம், பேரரசர் வந்தால் தங்க ஒரு தனி மாளிகை, அதற்கு ஏறிப் போக ஒரு கல்யாண ஊர்வலமே போகக்கூடிய மாடிப்படி. பேரரசர் ஒரு முறைகூட வரவில்லை. நான்கு முற்றத்தில் இரண்டோடு கையிருப்பு கரைந்தது. இரண்டாவது கோபுரம் கூரை மட்டத்தில் நின்று, அதன் மேல் ஒரு தகரத் தொப்பி போட்டார்கள். ஆனால் கட்டிய வரைக்கும் சுண்ணாம்பு குழைத்த தண்ணீர் எல்லாம் வெண்டெலின் கால் வழியாக வந்ததுதான். இத்தாலியிலிருந்து வந்த சுதைக்காரர்கள் பூவும் கொடியும் தேவதைப் பிள்ளைகளின் தொடையுமாகச் சுவரெல்லாம் நிறைத்தார்கள். ஒரு தேவதைக்கு அரை வாளி ஆகும் என்று அவன் கணக்கு வைத்திருந்தான்.

கோயில் விதானத்தில் சொர்க்கத்தை எழுதினார்கள். நடுவில் புனித ஓட்மார், கையில் ஒரு சின்னப் பீப்பாய். ஏழைகளுக்கு எத்தனை ஊற்றினாலும் அந்தப் பீப்பாயில் திராட்சைரசம் வற்றாது என்பது ஐதிகம். வெண்டெலினுடன் வேலை செய்த யோப்ஸ்ட், அதாவது மேலே வரும் வாளியைத் தொட்டியில் கவிழ்ப்பவன், அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அவருக்கென்ன, தானா வருது. நமக்குத்தான் மிதிச்சா வருது" என்று சொன்னான். மடத்தில் அது பல வருஷம் ஓடிய நகைச்சுவை.

வெண்டெலினுக்கு ஒரே மகள், அப்போலோனியா. வீட்டில் லோனி. அவளுக்கு ஆறு வயதில் பெரியம்மை கண்டது. அன்று அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, மரியாசெல் மாதாவுக்கு நேர்ந்துகொண்டான்: பிள்ளை பிழைத்தால் உன் சன்னதிக்கு நடந்தே வருகிறேன். பிள்ளை பிழைத்தது. முகத்தில் தழும்பு மட்டும் தங்கியது.

மரியாசெல் நாலரை நாள் நடை. போக வர ஒன்பது நாள். மடத்தில் சாமான், ஆள், தண்ணீர் எல்லாவற்றுக்கும் அதிகாரி பண்டகசாலைச் சாமியார். வெண்டெலின் அவரிடம் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். முதல் வருஷம் விதான வேலை நடக்கிறது, இப்போது முடியாது என்றார். அடுத்த வருஷம் மடாதிபதியின் பொன்விழா. மூன்றாம் வருஷம் மழையில்லை, கூரைத் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. நாலாம் வருஷம் அவன் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், இல்லையென்று ஒருவர் சொல்வதில் அவனுக்கே ஒரு சௌகரியம் வந்துவிட்டது. நான் இல்லாவிட்டால் மடத்துக்கு நாக்கு வறண்டுவிடும் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட அவன் சக்கரத்தில்தான். சாமியார்களுக்கு ஞாயிறன்றும் தாகம் எடுத்தது. இப்படியே பதினெட்டு வருஷம் போயிற்று.

லோனிக்கு இருபது வயதில் கல்யாணம் ஆனது. கீழே திராட்சைத் தோட்டக்காரர்கள் ஊரில், காஸ்பர் என்ற ஒரு நல்ல, வாய் பேசாத பையன். முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் செத்துப் பிறந்தது. இரண்டாவது ஏழாம் மாதத்தில். மூன்றாவது முறை அவள் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி பனிக்காலத்தில் மேலே வந்தபோது, வெண்டெலினின் மனைவி நோட்பூர்கா சந்தோஷப்படவில்லை. கம்பு ரொட்டியை நெஞ்சோடு அணைத்து வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நேர்ந்ததைச் செலுத்தாத கால் இந்த வீட்டுல இருக்கறவரைக்கும் அவ வயித்துல எப்படிங்க தங்கும்? மாதா எத்தனை வருஷம் பொறுப்பா?"

 அதையே அவனும் இரண்டு சவப்பெட்டிக்கும் பின்னால் நடந்தபோது நினைத்திருந்தான். இரண்டும் ரொட்டிக் கூடை அளவுதான் இருந்தன.

மறுநாள் பிளாசிடஸ் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனான். பிளாசிடஸ் மடத்து நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர். நல்லவர், கணக்கில் பித்து. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதற்கு வழி இருக்கிறது என்றார். மதிலை விட்டு வெளியே வரமுடியாத கன்னியர்கள், ரோமாபுரிக்கே தங்கள் தாழ்வாரத்தில் நடந்து போயிருக்கிறார்கள். தூரத்தை அடியாக்கி, ஜெபமாலை சொல்லிக்கொண்டே அத்தனை அடியும் உள்ளேயே நடப்பார்கள். திருச்சபை அதை ஒப்புக்கொள்கிறது. நேர்த்திக்கடனை அப்படி மாற்றிக்கொடுக்க எனக்கும் அதிகாரம் உண்டு, உனக்கோ தாழ்வாரம்கூட வேண்டாம், சக்கரமே இருக்கிறது என்றார். பிறகு காகிதமும் இறகுமாக உட்கார்ந்து, மலைப்பாதையின் வளைவுகளுக்கும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் அடி என்று முடிவு செய்தார். தவக்காலம் நாற்பத்தாறு நாள். நாளுக்கு நாலு வாளி, விடியலில் இரண்டு, மாலையில் இரண்டு, பேச்சில்லாமல் ஜெபமாலையோடு. ஈஸ்டருக்கு முந்தின புனித சனிக்கிழமை மாலை மாதாவின் வாசலில் நிற்பாய்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வெண்டெலின் கிளம்பினான். மரியாசெல் போய்வந்தவர்களிடம் வழியை விசாரித்து வைத்திருந்தான். மூன்றாம் நாள் ஆற்றுப் பாலம். பத்தாம் நாள் ஒரு சத்திரம், அங்கே கெண்டைமீன் சூப் நன்றாயிருக்கும் என்று ஒருத்தி சொல்லியிருந்தாள். இருபதாம் நாள் காடு. சக்கரத்தின் பலகை முனகுவதற்கு நடுவில் அவன் உண்மையாகவே ஃபிர் மரங்களின் ஈரத்தை முகர்ந்தான். முழங்கால் வீங்கியது, வினிகர்த் துணி கட்டிக்கொண்டான். தினமும் உத்தரத்தில் நாலு சுண்ணாம்புக் கோடு போட்டான். இந்த நாலு வாளிக்கும் வாயைத் திறக்காதே என்று யோப்ஸ்டிடம் முதல் நாளே சொல்லிவைத்திருந்தான். தவக்காலத்து ஒறுத்தல் போலிருக்கிறது என்று அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். யோப்ஸ்டுக்கு அதுவே பெரிய ஒறுத்தல்.

புனித சனி மாலை, நூற்றெண்பத்து நாலாவது வாளி மேலே வந்தது. வெண்டெலின் கட்டையை மாட்டிச் சக்கரத்தை நிறுத்தினான். தொப்பியைக் கழற்றினான். தேய்ந்து பளபளத்த பலகையில் முழங்காலிட்டு அதை முத்தமிட்டான். கண்ணீர் வந்தது. யோப்ஸ்ட் பயந்துபோய் எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு, நெஞ்சுவலியா என்று கேட்டான். இல்லை, மரியாசெல் வந்துவிட்டேன் என்று சொல்லி, சாமியார் சொன்னதிலிருந்து சுண்ணாம்புக் கோடு வரைக்கும் வெண்டெலின் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

யோப்ஸ்ட் கோடுகளைப் பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான். கெட்டவன் இல்லை, ஆனால் நாற்பத்தாறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவன்.

"டேய் வெண்டெலின், ஒரு வாளிக்குச் சுவரைப் பாத்து நடக்கறே. அடுத்ததுக்குத் திரும்பி வாசலைப் பாத்து நடக்கறே. ஆயிரம் அடி போனே, அதே ஆயிரம் அடி வந்தே. தொண்ணூத்திரண்டு தடவை போய்ப்போய் வந்திருக்கேடா. நம்ம ஊர் எல்லைச் சிலுவையைக்கூட நீ தாண்டலை."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் வெண்டெலின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அவ்வளவு படித்த பிளாசிடஸுக்கும் அது தோன்றியிருக்கவில்லை. ஈஸ்டர் பூசைக்குப் பிறகு வெண்டெலின் போய்ச் சொன்னபோது, அவர் முதலில் வெளிறிப்போனார். பிறகு, ஆண்டவர் திசை பார்ப்பதில்லை, எண்ணத்தைப் பார்க்கிறார், கன்னியர்களும் தாழ்வாரத்தின் கோடி வந்ததும் திரும்பித்தானே நடந்தார்கள் என்று சமாதானம் சொன்னார். கடன் தீர்ந்தது என்று சிலுவை வரைந்து அனுப்பினார். சாமியார் சொன்னது வெண்டெலினின் புத்திக்கு எட்டியது. காலுக்கு எட்டவில்லை. மகளுக்கு இது ஏழாம் மாதம்.

ஈஸ்டர் திங்களன்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் நடந்து உறவினர் வீட்டுக்குப் போவார்கள், சீடர்கள் எம்மாவுஸுக்கு நடந்ததன் நினைவாக. வெண்டெலின் ஒரு வருஷமும் போனதில்லை. அன்று மடத்தில் விருந்தாளிக் கூட்டம், முப்பது வாளி. பதினோராவது வாளி பாதிக் கிணற்றில் இருக்கும்போது லோனி சக்கர வீட்டு வாசலில் வந்து நின்றாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவ்வளவு ஏற்றமும் ஏறி வந்திருந்தாள். கையில் ஒரு துணியில் நாலு சிவப்பு முட்டையும் ஒரு துண்டு பன்றித்தொடையும்.

வாளி பாதியில் இருக்கும்போது சக்கரத்தை நிறுத்தினால் திரும்பக் கிளப்புவது பாடு. அதனால் அவன் நடந்துகொண்டே இருந்தான். அவள் சக்கரத்தின் கம்புகளுக்கு இந்தப் பக்கம் நின்று பேசினாள்.

"ஊரே சிரிக்குதுப்பா. யோப்ஸ்ட் சித்தப்பா நேத்து மதுக்கடையில சொல்லிட்டாரு."

சிரிக்கட்டும் என்றான். நாளைக்கு விடியலில் நிஜமாகவே கிளம்பப் போகிறேன், பண்டகசாலைச் சாமியார் தலைகீழாக நின்றாலும் சரி, ஒன்பது நாளில் திரும்பிவிடுவேன், நீ அதுவரைக்கும் தைரியமாக இரு என்றான்.

"நீங்க போக வேண்டாம். நான் போயிட்டு வந்துட்டேன்."

அவன் நடந்துகொண்டே தலையை மட்டும் திருப்பினான்.

"கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ஊர்ப் பவனியோட போனேனே. மாதா முன்னால நின்னு, இது எங்கப்பா நேர்ந்தது, அவருக்குக் கால் ஒழியலை, யாருக்காக நேர்ந்தாரோ அவளே வந்திருக்கேன்னு சொல்லி மெழுகுவத்தி வெச்சேன். அங்க இருந்த சாமியார்கிட்டயும் கேட்டேன். இது போதும், தீர்ந்ததுன்னாரு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க சக்கரத்துல இருந்தீங்க. அப்புறம் சொல்லிக்கலாம்னு போயிட்டேன்." அவள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள். "அப்புறம் முதல் பிள்ளை போச்சு. ரெண்டாவதும் போச்சு. உங்க நேர்த்திக்கடன்தான்னு அம்மா சொன்னா. அது இல்லேன்னு நான் சொன்னா, வேற எதுன்னு யோசிக்கணும். அதுக்கு எனக்குத் தெம்பில்லைப்பா. உங்க மேலேயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

வாளி மேலே வந்து இடித்தது. வெண்டெலின் கட்டையை மாட்டினான். கடன் தீர்ந்திருந்தது. எப்போதோ தீர்ந்திருந்தது. தீர்ந்த பிறகுதான் இரண்டு பிள்ளைகளும் செத்திருந்தன. பாரம் இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டிய மனிதனுக்கு நெஞ்சு காலியாகிப்போனது. குற்றவாளியாக இருந்தவரைக்கும் அவனால் செய்யக்கூடியது என்று ஒன்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அவனுக்கு அப்படியே அந்தப் பலகையில் படுத்துத் தூங்கவேண்டும் போலிருந்தது.

"அப்ப நான் என்னதாம்மா செய்யறது?" என்று கேட்டான்.

லோனி மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"பாரம் தூக்கக் கூடாதுன்னு மருத்துவச்சி போன தடவையே சொன்னா. அவரு விடிஞ்சா தோட்டத்துக்குப் போனா இருட்டினாத்தான் வர்றாரு. மாமியார் படுக்கையில. ஊத்துலேர்ந்து வீட்டுக்கு நூத்திப்பத்து படி. முதுகுல தொட்டியை மாட்டிக்கிட்டு தெனம் ஆறு நடை நான்தான் சொமக்கறேன். எனக்குத் தண்ணி தூக்க ஆளில்லப்பா."

யோப்ஸ்ட் காலி வாளியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

வெண்டெலின் சக்கரத்தைவிட்டு இறங்கினான். பதினோரு வாளிதான் ஆகியிருந்தது. சமையல்கட்டில் தண்ணீர் தண்ணீர் என்று கத்துவார்கள், நான் என்ன சொல்வது என்று யோப்ஸ்ட் கேட்டதற்கு, நீ மிதி என்றான். சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மகளின் கையிலிருந்த முட்டை மூட்டையை வாங்கிக்கொண்டு, அவள் வேகத்துக்கு மெதுவாகக் குன்றிலிருந்து இறங்கினான். கீழ்வாசல் தாண்டும்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆயிரம் சாமியார்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் பேரரசரின் வராத குதிரைகளுக்கும் தண்ணீர் இறைத்திருக்கிறான். பெற்ற மகளுக்கு ஒரு வாளி எடுத்துக் கொடுத்ததில்லை.

அன்றிலிருந்து ஏழு வாரம் அவன்தான் சுமந்தான். சக்கரத்துக்குப் பழகின கால் படிக்கட்டுக்குப் பழக ஒரு வாரம் ஆயிற்று. ஐம்பதாம் படியில் உட்கார்ந்து இளைப்பாறுவான். போகிறவர்கள் வருகிறவர்கள், என்ன வெண்டெலின், மரியாசெல்லுக்கா என்று கேட்பார்கள். ஊற்று வரைக்கும்தான் என்பான். பண்டகசாலைச் சாமியார் அவனுடைய ரொட்டியையும் திராட்சைரசத்தையும் நிறுத்தினார். சக்கரத்தில் இரண்டு தொழுவத்து ஆட்களை ஏற்றினார். ஒருவன் தலைசுற்றி வாந்தி எடுத்தான், மற்றவன் மூன்றாம் நாள் ஓடிப்போனான். மடத்தில் முகம் கழுவுவதை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்தார்கள். அதனால் யாருடைய ஆன்மாவுக்கும் கேடு வந்ததாகத் தெரியவில்லை.

லோனி கட்டிலில் கிடந்தாள். சும்மா கிடப்பது பாவம் என்று வளர்ந்தவள், முதல் சில நாள் படுத்துக்கொண்டே அவரைக்காய் உரித்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டுத் தூங்கினாள். பெந்தெகொஸ்தே திருநாளுக்கு அடுத்த செவ்வாயன்று பெண் பிறந்தது. சின்னது, ஆனால் பிறந்த வேகத்தில் கத்தியது. வெண்டெலின் அப்போது ஆறாவது நடையில் எண்பதாம் படியில் இருந்தான். சத்தம் கேட்டது. தொட்டியை இறக்கி வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றான். பிறகு மிச்சம் முப்பது படியும் ஏறினான். உள்ளே அவர்களுக்கு வெந்நீர் வேண்டியிருக்கும்.

நவம்பரில் ஓட்மார் திருநாள் வந்தது. மடத்தில் அற்புதங்களை எழுதிவைக்கும் பெரிய புத்தகம் ஒன்று உண்டு. ஆண்டு முழுவதும் நடந்தவற்றை அன்று பிரசங்க மேடையிலிருந்து படிப்பார்கள். இந்த முறை பிளாசிடஸ் சாமியார் ஒன்று புதிதாக எழுதியிருந்தார். மனப்பூர்வமாகத்தான் எழுதியிருந்தார். குன்றைவிட்டு இறங்க வழியில்லாத ஓர் எளிய தகப்பன், கிணற்றுச் சக்கரத்திலேயே ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் அடி மாதாவை நோக்கி நடந்ததையும், இரண்டு முறை பிள்ளையை இழந்த அவன் மகளுக்கு உயிருள்ள குழந்தை பிறந்ததையும், அழகான வார்த்தைகளில் படித்தார். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தவர்களே இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பண்டகசாலைச் சாமியார்கூடத் தலையை ஆட்டினார். அறுவடைக் காலத்திலேயே வெண்டெலினைத் திரும்பச் சக்கரத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டுவிட்டார். நோட்பூர்கா பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தூணுக்குப் பக்கத்தில் லோனி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுதுவதற்கு முன்னால் சாமியார் வெண்டெலினைக் கூப்பிட்டு, சரிதானே என்று கேட்டிருந்தார். அவன் அன்று இருபத்தாறு வாளி மிதித்திருந்தான். சரிதான் சாமி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

பூசை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது நோட்பூர்கா வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். அவன் கீழ்வாசலுக்குப் பக்கத்தில் நின்றான்.

"நான் மாதாகிட்ட நடந்த அந்த நாப்பத்தாறு நாளும், கீழே லோனிதான் தண்ணி சொமந்தா. தெனம் ஆறு நடை. கொஞ்சம் தப்பியிருந்தா இதுவும் போயிருக்கும்."

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்? நல்லபடியா படிச்சாங்க இல்ல, பேசாம வாங்க."

அவன் பேசாமல் வந்தான்.